ஒரே வகுப்பு, ஒரே டீச்சர், ஒரே புத்தகம்... மார்க் மட்டும் ஏன் வேற வேற? ஒரு விளக்கம்

பரீட்சை முடிந்த அடுத்த வாரம், பள்ளியில் பேரன்ட்ஸ் மீட்டிங். உங்களுக்கு முன்னால் நிற்பவரின் பிள்ளைக்குக் கணக்கில் 94. உங்கள் பிள்ளைக்கு 41. "நல்ல பையன்தான் சார், கொஞ்சம் ஸ்லோ லேர்னர்" என்கிறார் டீச்சர். வீட்டுக்குத் திரும்பும்போது, பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பையனிடம் நாம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அவனுக்கும் அதே டீச்சர்தானே சொல்லிக் கொடுத்தாங்க?"

அதே டீச்சர்தான். அதே புத்தகம், அதே 40 நிமிட பீரியடுதான். ஆனால், அந்த 40 நிமிடத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பாடம் போய்ச் சேர்ந்ததா?

மாணவர்களுக்கு இடையிலான தனிப்பட்ட வேறுபாடுகள் படிப்பை எப்படிப் பாதிக்கின்றன என்பது பி.எட். படிப்பவர்களுக்கான பாடம் மட்டும் இல்லை. 5, 8-ம் வகுப்புகளில் பெயில் ஆக்கலாமா கூடாதா என்ற சண்டையிலும், 'எண்ணும் எழுத்தும்' மாதிரியான திட்டங்களிலும், 'உங்கள் குழந்தையின் திறமையைக் கைரேகையில் கண்டுபிடிக்கிறோம்' என்று இன்ஸ்டாவில் வரும் விளம்பரத்திலும் இந்தக் கேள்விதான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு வகுப்புக்குள் எத்தனை வகுப்பு?

முதலில் ஒரு கணக்கு. பிரதம் அமைப்பின் 'ஏசர்' ஆய்வு, கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கும் ஆய்வு. 2025 ஜனவரியில் வெளியான ஏசர் 2024 அறிக்கைக்காக 605 மாவட்டங்களில் சுமார் 6.5 லட்சம் குழந்தைகளைச் சந்தித்தார்கள். அதன்படி நாடு முழுக்க கிராமப்புற அரசுப் பள்ளிகளில் 3-ம் வகுப்பு படிப்பவர்களில், 2-ம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்க முடிந்தவர்கள் 23.4 சதவீதம். 2022-ல் இது 16.3 சதவீதமாக இருந்தது. ஏறியிருக்கிறது, நல்ல விஷயம்.

ஆனால் இதையே ஒரு வகுப்பறையாகக் கற்பனை செய்து பாருங்கள். நான்கு பிள்ளைகளில் ஒருத்தி கதை படிக்கிறாள். மீதி மூன்று பேரில் ஒருவன் சிறிய பத்தி வரைக்கும் வருகிறான். இன்னொருத்தி தனித்தனி வார்த்தைகளைப் படிப்பாள். கடைசிப் பையன் இன்னும் எழுத்தையே கூட்டிக்கொண்டிருக்கிறான். நான்கு பேர் கையிலும் இருப்பது ஒரே 3-ம் வகுப்புப் புத்தகம்.

மேல் வகுப்புகளுக்குப் போனால் இடைவெளி குறையுமா? குறைவதில்லை என்கிறது டெல்லி அரசு நடுநிலைப் பள்ளி மாணவர்களை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாண்ட்ரோ கானிமியன் ஆகிய மூவரும் செய்த ஆய்வு (2019-ல் வெளியானது). 6-ம் வகுப்பு மாணவர் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தார். 9-ம் வகுப்பில் அந்தப் பின்னடைவு நாலரை வகுப்பாக வளர்ந்திருந்தது. அதைவிட முக்கியமானது, ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்குள்ளேயே ஐந்து, ஆறு வகுப்பு அளவுக்கு வித்தியாசம் இருந்தது.

அதாவது 7-ம் வகுப்பு டீச்சர் ஒரே நேரத்தில் 2-ம் வகுப்பு லெவலில் இருப்பவனுக்கும் 7-ம் வகுப்பு லெவலில் இருப்பவளுக்கும் பாடம் எடுக்க வேண்டும். சிலபஸை முடித்தாக வேண்டிய கட்டாயம் வேறு. அவர் யாருக்காகப் பாடம் எடுப்பார்? முன் பெஞ்சுக்குத்தான். இதில் டீச்சரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருக்கு இருக்கும் ஒரே வழி அதுதான். விளைவு என்னவென்றால், அந்த ஆய்வில் மதிப்பெண் வரிசையின் கடைசி மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள், வழக்கமான வகுப்பில் மட்டும் உட்கார்ந்திருந்த காலத்தில் கிட்டத்தட்ட எதுவுமே புதிதாகக் கற்கவில்லை. தினமும் பள்ளிக்கு வந்தார்கள், அட்டெண்டன்ஸ் இருந்தது. அவ்வளவுதான்.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

1963-ல் ஜான் கரோல் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு எளிமையான யோசனையைச் சொன்னார். ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ள ஒவ்வொருவருக்கும் தேவைப்படும் நேரம் வேறு. ஒருத்தர் எவ்வளவு கற்றுக்கொண்டார் என்பது, அவருக்குத் தேவைப்பட்ட நேரத்தில் எவ்வளவு அவர் உண்மையில் செலவழித்தார் என்பதைப் பொறுத்தது. 'திறமை' என்று நாம் சொல்வதையே அவர் தேவைப்படும் நேரமாகத்தான் பார்த்தார்.

பின்னத்தைப் புரிந்துகொள்ள ஒருத்திக்கு மூன்று பீரியட் போதும், இன்னொருத்திக்கு எட்டு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி இருவருக்கும் நான்குதான் தரும். முதலாமவள் 'பிரைட்', இரண்டாமவள் 'டல்' ஆகிவிடுகிறாள். இரண்டாமவளுக்குப் புரியவே புரியாது என்று யாரும் நிரூபிக்கவில்லை. டைம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்த வாரம் தசமம் ஆரம்பிக்கும்போது பின்னம் தெரியாத அவளுக்கு இன்னும் அதிக நேரம் தேவைப்படும். கடன் வட்டி குட்டி போடுவதைப்போல இந்தப் பாக்கி சேர்ந்துகொண்டே போகும்.

சரி, தேவைப்படும் நேரம் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது? முக்கியமான காரணங்கள் இவை:

• முன்னாடியே தெரிந்திருப்பது: புதுப் பாடம் எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்பதில் பெரிய பங்கு பழைய பாடத்துக்குத்தான். 43-ல் இருந்து 17-ஐக் கழிக்கும்போது 13-ல் 7 போனால் 6 என்பது சட்டென்று வர வேண்டும். விரல் விட்டு எண்ணுகிற பிள்ளைக்கு, எண்ணி முடிப்பதற்குள் எதற்காக எண்ணினோம் என்பதே மறந்துபோகும். ஒரே சமயத்தில் மனதில் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடிய விஷயங்கள் எல்லாருக்குமே கொஞ்சம்தான்.

• பிறந்த மாதம்: ஒரே வகுப்பில் வயதில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் 11 மாதம் வரை வித்தியாசம் இருக்கலாம். ஐந்து வயதில் 11 மாதம் என்பது வாழ்ந்த வாழ்க்கையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. பல நாடுகளின் தேர்வுத் தரவுகளை வைத்து கெல்லி பெடார்ட், எலிசபெத் டூயி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், 4-ம் வகுப்பில் இளையவர்கள் மூத்தவர்களைவிட 4 முதல் 12 பெர்சன்டைல் பின்தங்கி இருந்தார்கள். 8-ம் வகுப்பிலும் 2 முதல் 9 பெர்சன்டைல் இடைவெளி மிச்சம் இருந்தது. எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு அவசரப்படுகிற பெற்றோர் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

• கண், காது, வயிறு: போர்டு மங்கலாகத் தெரிகிற குழந்தைக்கு, எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைப்பு. சீனாவில் 250-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் நடந்து, 2014-ல் வெளியான ஆய்வில், கண்ணாடி தேவைப்பட்ட பிள்ளைகளில் சுமார் 15 சதவீதம் பேரிடம் மட்டுமே கண்ணாடி இருந்தது. இலவசக் கண்ணாடி கொடுத்ததும் கணக்கு மார்க் அளவிடக்கூடிய அளவுக்கு ஏறியது. புது சிலபஸ் இல்லை, டியூஷன் இல்லை, வெறும் கண்ணாடிதான். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். பசியோடு முதல் பீரியடில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த பீரியட் பாதிதான் கணக்கு.

• கற்றல் குறைபாடு: டிஸ்லெக்சியா இருக்கும் குழந்தைக்கு அறிவுக்குக் குறைவில்லை, எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில்தான் சிக்கல். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் தன் 21 வகைப் பட்டியலில் சேர்த்தது. அதாவது பள்ளி உதவி செய்ய வேண்டியது சட்டப்படியான பொறுப்பு, சலுகை கேட்பதாக யாரும் கூச்சப்படத் தேவையில்லை.

• வீடு: வீட்டுப்பாடத்தில் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறதா? படிக்க ஒரு மூலை இருக்கிறதா? வீட்டில் பேசும் மொழியும் வகுப்பறை மொழியும் ஒன்றா? தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் கணக்கின் கேள்வியைப் படிக்கிற பிள்ளைக்கு அது ஒரே நேரத்தில் இரண்டு பரீட்சை.

"அப்போ பிறவித் திறமைன்னு ஒண்ணே கிடையாதா?" என்று கேட்கலாம். இருக்கிறது. நினைவாற்றல், கவனம், தர்க்கம் ஆகியவற்றில் பிள்ளைகளுக்கு இடையே உண்மையான வித்தியாசம் உண்டு. ஆனால் மேலே சொன்ன எதையும் சரிபார்க்காமல், 41 மார்க்கைப் பார்த்ததும் "இவனுக்கு அவ்வளவுதான்" என்று முடிவு கட்டுவதுதான் பிரச்னை. பவர் இருக்கும் கண்ணையும் மண்டையில் ஏறாத பாடத்தையும் ஒரு ரேங்க் கார்டால் பிரித்துச் சொல்ல முடியாது.

'என் பையன் விஷுவல் லேர்னர்' என்பது உண்மையா?

ரீல்ஸில் நிறைய பார்த்திருப்பீர்கள். சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டு, சிலர் செய்து; உங்கள் குழந்தையின் 'ஸ்டைல்' என்ன என்று கண்டுபிடித்து அப்படியே சொல்லிக் கொடுங்கள் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

ஹரால்ட் பேஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008-ல் இது தொடர்பான ஆய்வுகளை எல்லாம் அலசினார்கள். பிள்ளைகளுக்கு விருப்பம் வேறுபடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் விருப்பமான வழியில் சொல்லிக் கொடுத்தால் மார்க் கூடும் என்பதற்குப் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை என்பதுதான் அவர்கள் முடிவு. யோசித்தாலே புரியும். இந்திய வரைபடத்தை யாராக இருந்தாலும் பார்த்துத்தான் கற்க வேண்டும். ழகர உச்சரிப்பை யாராக இருந்தாலும் கேட்டுத்தான் கற்க வேண்டும். வழியைத் தீர்மானிப்பது பாடம்.

இதைவிட ஒரு படி மேலே போய், கைரேகையை ஸ்கேன் செய்து குழந்தையின் அறிவு வகையைச் சொல்கிறோம் என்று டி.எம்.ஐ.டி. டெஸ்ட் விற்கிறார்கள். சில பள்ளிகளே இதற்கு இடம் கொடுப்பதும் நடக்கிறது. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் 2019-லேயே இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று நிலைப்பாட்டு அறிக்கை வெளியிட்டுவிட்டது. அந்தப் பணத்துக்கு ஒரு கண் பரிசோதனை செய்தால், மீதிப் பணத்தில் கதைப் புத்தகமே வாங்கலாம்.

அப்போ எதுதான் வேலை செய்கிறது?

ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைப் பார்க்காமல், எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள்.

டெல்லி ஆய்வில் 619 மாணவர்களில் குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு, பள்ளி முடிந்த பிறகு 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருள் மையத்தில் இலவச இடம் கிடைத்தது. பிள்ளையின் பதில்களை வைத்து அதன் லெவலைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கேள்வி கொடுக்கும் மென்பொருள் அது. கூடவே சிறு குழுவாக டீச்சரின் உதவியும் உண்டு. நாலரை மாதத்தில் கணக்கில் கிடைத்த முன்னேற்றத்தை எளிமையாகச் சொன்னால், 100 பேரில் 50-வது இடத்தில் நின்ற ஒரு மாணவர் சுமார் 36-வது இடத்துக்கு முன்னேறுவதற்குச் சமம்.

இதில் ஒரு ட்விஸ்ட் இருக்கிறது. ஆய்வாளர்கள் தனியாக நடத்திய தேர்வில் இவ்வளவு முன்னேற்றம் தெரிந்தும், பள்ளியின் கணக்குத் தேர்வில் குறிப்பிடும்படியான மாற்றம் தெரியவில்லை. 3-ம் வகுப்பு லெவலில் இருந்து 4-ம் வகுப்பு லெவலுக்கு ஏறிய பிள்ளைக்கு, 7-ம் வகுப்புக் கேள்வித்தாள் அப்போதும் கைக்கு எட்டாததுதான். உழைத்தது, கற்றது, மார்க்கில் மட்டும் வரவில்லை. "எவ்வளவு படிச்சும் இவனுக்கு ஏறலையே" என்று நாம் கோபப்படும் பல வீடுகளில் நடப்பது இதுவாகவும் இருக்கலாம்.

மென்பொருள் இல்லாமலும் இதைச் செய்யலாம். ஹரியானாவில் அரசுப் பள்ளி டீச்சர்களே தினமும் ஒரு மணி நேரம் 3 முதல் 5-ம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை வகுப்பைக் கலைத்துவிட்டு, படிக்கும் லெவலை வைத்துக் குழுவாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பிரதம் உருவாக்கிய இந்த முறையை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழு சோதித்தபோது மொழித் திறன் கூடியது. வெறும் பயிற்சியும் புத்தகமும் கொடுத்துவிட்டு, இதற்கென்று நேரம் ஒதுக்காத இடங்களில் இதே முறை சோபிக்கவில்லை. சிலபஸ் வந்து அந்த நேரத்தைச் சாப்பிட்டுவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதில்லை. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் 1 முதல் 3-ம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துப் பாடம் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு 4, 5-ம் வகுப்புகளுக்கும் போனது. கொரோனாவுக்குப் பிறகு தன்னார்வலர்கள் மாலையில் நடத்திய 'இல்லம் தேடிக் கல்வி' வகுப்புகள் இன்னொரு உதாரணம். தமிழ்நாட்டு கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின்படி, பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அப்படி மீண்டதில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியின் பங்கு.

பிரிப்பது ஆபத்து இல்லையா?

நியாயமான கேள்வி. நான் படித்த பள்ளியில் 9-ம் வகுப்பில் மார்க் வைத்து செக்‌ஷன் பிரித்தார்கள். 'சி' செக்‌ஷனுக்குப் போன என் தோழி, பப்ளிக் எக்ஸாம் முடியும் வரை அங்கேயேதான் இருந்தாள். யாரும் அவளை மறுபடி சோதித்துப் பார்க்கவே இல்லை. அனுபவமுள்ள டீச்சர்கள் எல்லாரும் 'ஏ' செக்‌ஷனில் இருந்தார்கள்.

லெவல் பார்த்துச் சொல்லிக் கொடுப்பதும் இதுவும் ஒன்று இல்லை. அங்கே குழு ஒரு பாடத்துக்கு, தினம் ஒரு மணி நேரத்துக்கு மட்டும்தான். சில வாரங்களில் மறுபடி சோதித்து அடுத்த குழுவுக்கு அனுப்புவார்கள். கணக்கில் அரும்பாக இருப்பவள் தமிழில் மலராக இருக்கலாம்.

கென்யாவில் 121 பள்ளிகளில் நடந்த ஆய்வில், முதல் வகுப்பை முந்தைய மார்க் அடிப்படையில் இரண்டாகப் பிரித்தபோது மேல் பாதி, கீழ் பாதி இரண்டுமே முன்னேறின. முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, எந்தப் பிரிவுக்கு எந்த டீச்சர் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். நல்ல டீச்சர்களை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கவில்லை. நம் ஊர் 'சி' செக்‌ஷன்களில் அந்தக் குலுக்கல் நடப்பதில்லை.

பெயில் ஆக்கினால் சரியாகிவிடுமா?

2024 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. கேந்திரிய வித்யாலயா மாதிரியான மத்திய அரசுப் பள்ளிகளில் 5, 8-ம் வகுப்பு இறுதித் தேர்வில் தேறாதவர்களுக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்து இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்தலாம். தமிழ்நாடு 8-ம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி தொடரும் என்று அறிவித்தது.

இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. பெயில் இல்லையென்றால் யாரும் கவனிக்காமலே பிள்ளை 9-ம் வகுப்பு வந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் 2-ம் வகுப்பு லெவலில் இருக்கும் பையனை மறுபடி 5-ம் வகுப்பில் உட்காரவைத்து அதே பாடத்தை எடுத்தால், அவனுக்குப் புரியாத பாடம் இரண்டாவது முறையும் புரியாமல் போகும். மூன்று வகுப்புப் பாக்கியை இரண்டு மாதப் பயிற்சி தீர்க்குமா என்பதும் கேள்விதான். பாஸா பெயிலா என்பதைவிட, பிள்ளை பின்தங்குவதை 5-ம் வகுப்பு வரை காத்திருக்காமல் 2-ம் வகுப்பிலேயே கண்டுபிடித்தோமா என்பதுதான் பெரிய விஷயம்.

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் என்ன கேட்கலாம்?

"ரேங்க் எத்தனை?" என்பதற்குப் பதிலாக இந்த மூன்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் நின்றுபோகிறாள்? 'கணக்கு வீக்' என்பது பதில் இல்லை. 'கடன் வாங்கிக் கழிப்பதில் தடுமாறுகிறாள்' என்பது பதில்.

2. அந்த இடத்தைச் சரிசெய்ய வாரத்தில் எவ்வளவு நேரம் கிடைக்கும்? பள்ளியில் எவ்வளவு, வீட்டில் நாங்கள் எவ்வளவு?

3. மறுபடி எப்போது பார்ப்பீர்கள்? ஒரு மாதம் கழித்து முன்னேற்றம் இல்லையென்றால் அடுத்து என்ன?

இதோடு ஒரு கண் பரிசோதனை, காது பரிசோதனை. பல மாத முயற்சிக்குப் பிறகும் எழுத்துக்கூட்டிப் படிப்பதில் தடுமாற்றம் இருந்தால் ஸ்பெஷல் எஜுகேட்டரைப் பார்க்கலாம். அதுவரைக்கும் 'சோம்பேறி' என்ற வார்த்தையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

தமிழ்நாட்டில் 10, 12-ம் வகுப்புகளுக்கு மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-லேயே நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குள் இன்னும் நிறுத்தவில்லை. அந்த 41 மார்க் பையனிடம் பைக்கில் வரும்போது "அவனுக்கும் அதே டீச்சர்தானே" என்று கேட்பதற்குப் பதிலாக, "எந்த இடத்துல புரியாமப் போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் தடவை பதில் வராது. நாலாவது தடவை, "மூணாம் கிளாஸ்லயே" என்று சொல்லலாம்.